பணம் இருந்தது, ஆறு இல்லை: செட்டிநாடு அன்றும் இன்றும்

1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி ஒரு புதிய வங்கி ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவு திறந்தது. ஒன்று ரங்கூன், ஒன்று சென்னை, மற்றொன்று காரைக்குடி. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கிதான் அது. அந்த மூன்று பெயர்களும் அன்று ஒரே வரிசையில் நின்றதற்குத் தெளிவான காரணம் இருந்தது. ரங்கூனில் வியாபாரம் நடந்தது. சென்னையில் அரசாங்கமும் துறைமுகமும் இருந்தன. காரைக்குடியில் பணத்துக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

இன்று அந்த வங்கியின் தலைமையகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகரப் பகுதி 86 லட்சத்தைத் தாண்டியது. யாங்கோன் என்று பெயர் மாறிவிட்ட ரங்கூனில் 50 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அதே 2011 கணக்கில் காரைக்குடி நகராட்சியின் மக்கள்தொகை 1 லட்சத்து 6 ஆயிரத்துச் சொச்சம். காரைக்குடி இருக்கிற சிவகங்கை மாவட்டம் முழுவதையும் கூட்டினாலும் 13 லட்சத்துச் சொச்சம்தான். கோயம்புத்தூர் நகரம் தனியாகவே 10 லட்சத்தைக் கடந்துவிட்டது.

இவ்வளவு செல்வம் இறங்கிய ஊர் ஏன் பெருநகரம் ஆகவில்லை? டீக்கடை பெஞ்சில் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "செட்டியார்மார் பூராப் பணத்தையும் வீட்டுல போட்டுட்டாக, ஊருக்கு ஒரு மில்லு கட்டல." அது முழுப் பதில் இல்லை. அவர்கள் மில் கட்டினார்கள், வங்கி தொடங்கினார்கள், சைக்கிள் தொழிற்சாலையும் சிமெண்ட் ஆலையும் சினிமா ஸ்டுடியோவும் பல்கலைக்கழகமும் தொடங்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை இங்கே அமையவில்லை. பணத்தைச் சம்பாதிக்கிற திறமையும், அந்தப் பணத்தை ஒரு நகரமாக வளர்க்கிற மண்ணும் ஒரே இடத்தில் அமைய வேண்டிய அவசியம் இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டில் செட்டிநாட்டைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். இது செம்புராங்கல் பூமி, வானம் பார்த்த பூமி. தேனாறு, மணிமுத்தாறு, சருகணியாறு என்று ஆறுகளின் பெயர்கள் உண்டு. மழை பெய்தால் ஓடும், நின்றால் மணல்தான். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. காவிரி வடக்கே திருச்சியோடு கிழக்கே திரும்பிவிடுகிறது. வைகை மேற்கிலிருந்து வந்து மானாமதுரை வழியாகத் தெற்கே ஒதுங்கிவிடுகிறது. இரண்டு ஆற்றங்கரைகளிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய நகரங்கள் இருக்கின்றன: மதுரை, திருச்சி. காரைக்குடியிலிருந்து இரண்டுமே நூறு கிலோமீட்டருக்குள். அரசு, நீதிமன்றம், மொத்த வியாபாரம், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் அங்கே ஏற்கெனவே அமர்ந்துவிட்டபோது, நடுவில் இருக்கிற வறண்ட மேட்டில் மூன்றாவதாக ஒரு பெருநகரம் முளைப்பதற்குத் தேவை என்ன இருந்தது?

கிழக்கே தொண்டிக் கடல் அப்படியொன்றும் தூரமில்லை. பழங்காலத்திலிருந்தே பெயர் பெற்ற கரை அது. ஆனால் பாக் நீரிணை ஆழம் குறைந்தது. தோணிகள் வந்து போகும். நீராவிக் கப்பல்கள் வந்து நிற்க முடியாது. பெரிய கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. ஆகவே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிற செட்டிநாட்டார் நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினார்கள், ரங்கூனுக்குச் சென்னை போய்க் கப்பலேறினார்கள். 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரை இந்தப் பக்கத்தில் வயதானவர்கள் சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

ரயிலும் தாமதமாகத்தான் வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856-ல். மதுரைக்கு 1875-ல் ரயில் வந்துவிட்டது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் பாதை போட்டது 1930-ஐ ஒட்டி. அதற்குள் தமிழ்நாட்டின் சரக்குப் போக்குவரத்து எந்தெந்த ஊர்களில் கூடும் என்பது ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ரயில் காரைக்குடிக்கு வந்த அதே நேரத்தில்தான் உலகப் பொருளாதார மந்தமும் வந்தது. இதைவிடக் கெட்ட நேரம் அந்தப் பாதைக்கு அமைந்திருக்க முடியாது.

நீர் இல்லாத இந்த மண்ணில் இவர்கள் ஊர் அமைத்த விதத்தை நின்று பார்க்க வேண்டும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு தெருவில் நடந்து பாருங்கள். தெருக்கள் நேர்கோட்டில் ஓடி, செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். முகப்பு தாண்டினால் வளவு, அதைத் தாண்டினால் இரண்டாங்கட்டு, அதன் பின் அடுப்படி. ஒவ்வொரு கட்டிலும் வானத்துக்குத் திறந்த முற்றம் இருக்கும். சுற்றிலும் உள்ள ஓட்டுக் கூரைகள் உள்பக்கம் சரிந்திருப்பதால் விழுகிற மழையெல்லாம் முற்றத்துக்கே வரும். தாழ்வாரத்து மூலைகளில் அண்டாவும் கிடாரமும் வைத்துக் குடிக்கப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் கல்பாவிய வாய்க்காலில் இறங்கித் தெருவுக்குப் போகும்; தெரு வாய்க்கால் ஊருணிக்குப் போகும்; ஊருணி நிறைந்தால் கண்மாய்க்குப் போகும். வீட்டை முதலில் கட்டிவிட்டுத் தண்ணீரை அப்புறம் தேடிய ஊர்கள் அல்ல இவை. காரைக்குடி நகரம் நெடுங்காலம் குடித்தது சம்பை ஊற்றின் தண்ணீர். வெளியூரில் இருக்கும் காரைக்குடிக்காரர்கள் இன்றும் அந்த ருசியைப் பேசுவார்கள்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் ஊருணி ஓர் ஊரைத் தாங்கும், பெருநகரத்தைத் தாங்காது. அதனால்தான் செல்வம் ஒரே ஊரில் குவியாமல் ஊர் ஊராகப் பரவியது. செட்டிநாட்டுக்கு 96 ஊர்கள் என்பது பழைய கணக்கு; இப்போது எழுபதுக்கும் மேல் இருக்கின்றன. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்களின் ஒன்பது கோயில்களும் ஒன்பது ஊர்களில் இருக்கின்றன. திருமணம், வரி, வழக்கு எல்லாம் அந்தக் கோயில்களை ஒட்டியே நடந்ததால் ஒவ்வொரு ஊரும் தன்னளவில் முழுமையானது. பக்கத்து ஊரை விழுங்கி வளர வேண்டிய காரணம் எந்த ஊருக்கும் இல்லை. காரைக்குடி அவற்றுள் கடைத்தெருவும் சந்தையும் பெரிதாக அமைந்த ஊர், அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தப் பணம் எங்கே நகரம் கட்டியது? பர்மாவில்.

1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு ஐரோப்பா வரை சந்தை கிடைத்தது. சதுப்புக் காட்டைத் திருத்திக் கழனியாக்க உழவர்களுக்குக் கடன் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவ்வளவு உள்ளே போய்க் கடன் கொடுக்க மாட்டா. அங்கே போனவர்கள் செட்டிநாட்டார். கொண்டுவிற்கப் போவது என்று வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். ரங்கூன் மொகல் தெருவில் பெரிய மார்க்காக்களின் (நிறுவனங்களின்) கிட்டங்கிகள் (கடைகள்) வரிசையாக இருந்தன. டெல்டாவின் சிற்றூர் வரை கிளைகள் போயின. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று சின்ன அணியாக உட்கார்ந்து தொழில் செய்தார்கள். மூன்று வருடம் ஒரு கணக்கு. முடிந்தால் ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கப்பல். 1929-30-ல் விசாரித்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே செட்டியார் கடைகள் 1,650 அளவுக்கு இருந்தன என்றும் அவர்கள் கொடுத்திருந்த கடன் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. ஆங்கிலேயர் பிடித்த காலத்தில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ்ப் பர்மா நெல் பரப்பு 1930-களில் தொண்ணூறு லட்சம் ஏக்கரை ஒட்டி வந்திருந்தது.

அந்த அரிசி முழுதும் ஆறுகள் வழியாக ஒரே வாய்க்கு வந்து சேர்ந்தது. அந்த வாய்தான் ரங்கூன். அங்கே சேர்ந்தால் ஆலை வேண்டும், ஆலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறும் துணியும் குடியிருப்பும் வேண்டும், கப்பலுக்கு இன்ஷூரன்சும் வக்கீலும் வேண்டும். நகரம் வளர்வது இந்த வரிசையில்தான். சரக்கு ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறியே ஆக வேண்டிய இடம் அது. ஆற்றுப் படகு கப்பலுக்குச் சரக்கை மாற்றும் இடம் ரங்கூன். மலாக்கா நீரிணையில் கீழ்க்கடல் கப்பலும் மேல்கடல் கப்பலும் சந்திக்கிற இடம் சிங்கப்பூர். அங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-ல் எழுந்தது. கொழும்பில் செட்டியார் தெரு, பினாங்கில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில், சைகோனிலும் முருகன். இந்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், ஆற்று முகமும் துறைமுகமும் நீரிணையும் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கேயெல்லாம் செட்டிநாட்டுப் பணம் இருந்தது தெரியும். எந்த இடம் நகரமாகும் என்பதை அவர்கள் அளவுக்குக் கணித்தவர்கள் குறைவு. அந்தக் கணிப்பே சொந்த ஊருக்கு எதிராகவும் வேலை செய்தது.

வந்த லாபத்தில் பெரும்பங்கு வீடானது. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் ஏறி இந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தன. காரைக்குடியில் ஆயிரம் சன்னல் வீடு என்று ஒரு வீட்டுக்குப் பெயரே உண்டு. முட்டை வெள்ளைக்கரு கலந்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சில் இன்னும் முகம் பார்க்கலாம். தச்சர்கள், கொத்தனார்கள், கற்சிற்பிகள், சுதை வேலைக்காரர்கள் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு இரண்டு தலைமுறை வேலை கிடைத்தது. ஆனால் வீடு என்பது ஒரு தடவை செலவு. கட்டி முடித்த அன்றோடு தச்சருக்குக் கூலி நின்றுவிடும். பஞ்சாலை அப்படி இல்லை, மாதா மாதம் கூலி கொடுக்கும். அந்தக் கூலியை நம்பி மளிகைக் கடை வரும், அந்தக் கடைக்காரர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வரும். ஒரே அளவு பணம் வீடாகப் போவதற்கும் ஆலையாகப் போவதற்கும் உள்ள வேறுபாடு முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும்.

சரி, ஆலையாகப் போட்டிருக்கலாமே என்றால், 1930-களில் கோயம்புத்தூரில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். சுற்றிலும் பருத்தி விளைகிற கரிசல் நிலம் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் பாதை இருந்தது. பைக்காரா நீர்மின்சாரம் 1932-33-ல் வந்தது. மூன்றும் சேர்ந்ததும் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன, ஆலைக்கு வேண்டிய இயந்திரம் செய்யும் பட்டறைகளும் கூடவே எழுந்தன. காரைக்குடியில் அந்த மூன்றில் ஒன்றும் இல்லை. கருமுத்து தியாகராசர் இந்தச் சிவகங்கைச் சீமைக்காரர்தான். தன் ஆலைகளை மதுரையில் எழுப்பினார், 1943-ல் பாங்க் ஆஃப் மதுராவையும் அங்கேதான் தொடங்கினார். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் பல்கலைக்கழகம் எழுப்பியது சிதம்பரத்தில். ஊர்ப் பற்று இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. தொழிலுக்கும் கல்விக்கும் எங்கே ஆள் கூடுமோ அங்கே போனார்கள்.

பிறகு பர்மா சரிந்தது. 1930-க்குப் பின் நெல் விலை விழுந்ததும் உழவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன: கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த அவர்களின் நிலப் பங்கு 1937-38-ல் 25 சதவீதம் ஆனது. அவர்கள் விரும்பிச் சேர்த்த நிலம் இல்லை அது. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய உழவனின் பக்கம் நின்று பார்த்தால் அந்த விளக்கத்துக்குப் பொருளில்லை. செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்க்கிறவர்கள் அந்தக் கழனிகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. காட்டு வழியாக அஸ்ஸாமுக்கு நடந்து வந்தவர்களில் செட்டிநாட்டுக் குடும்பங்களும் இருந்தன. சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது, அடுத்த ஆண்டே வங்கிகளும் போயின.

திரும்பி வந்த பணம், அதாவது முன்கூட்டியே திரும்பிவிட்ட பணம், எங்கே போய் உட்கார்ந்தது? பள்ளத்தூரிலிருந்து பர்மாவின் மௌல்மேன் போய்த் தொழில் செய்த முருகப்பா குடும்பம் 1930-களில் சென்னைக்கு மாறியது, 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. அதன் ஆலை சென்னை அம்பத்தூரில் எழுந்தது. சென்னையில் இயற்கைத் துறைமுகம் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அலையடிக்கிற திறந்த கரை அது. 1875-ல் தொடங்கிக் கட்டிய துறைமுகத்தை 1881 புயல் தகர்த்தது, மறுபடியும் கட்டினார்கள். கடல் கொடுக்காததை அரசாங்கம் செலவழித்து உண்டாக்கியது. இயற்கை பாதி, அரசு எங்கே செலவழிக்க முடிவெடுத்தது என்பது மீதி. காரைக்குடிக்கு அந்த இரண்டாவது பாதியும் தாமதமாகத்தான் வந்தது.

சினிமாக் கதை இன்னும் தெளிவானது. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் 1940-களின் நடுவில் காரைக்குடிக்குப் பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்தினார். 1947-ல் வெளியாகி ஓடு ஓடென்று ஓடிய 'நாம் இருவர்' அங்கேதான் எடுத்த படம். இடம் இருந்தது, பணம் இருந்தது, வெற்றியும் வந்துவிட்டது. இருந்தும் 1948-ல் ஏவிஎம் கோடம்பாக்கத்துக்குப் போனது. நடிகர்கள், பாடகர்கள், ஒலிப்பதிவாளர்கள், படச்சுருள் கழுவும் கூடங்கள், விநியோகஸ்தர்கள் எல்லாம் சென்னையில் இருக்கும்போது, ஒவ்வொரு ஆளையும் வரவழைத்துத் தங்க வைத்துப் படம் எடுக்க எத்தனை நாளைக்கு முடியும்? ஒரு தொழில்காரர் இருக்கும் இடத்துக்கே அடுத்தவரும் போக, அதனாலேயே மூன்றாமவரும் போக வேண்டியதாகிவிடுகிறது. பால் க்ருக்மன் என்ற பொருளியலாளர் 2008-ல் நோபல் பரிசு வாங்கியதற்கு இந்த ஈர்ப்பைக் கணக்காக எழுதிக் காட்டியதும் ஒரு காரணம். போக்குவரத்து மலிவாக ஆக, தொழில் பரவும் என்று நாம் நினைப்போம். குறிப்பிட்ட ஒரு கட்டம் வரை அது மேலும் குவியும் என்றார் அவர். தேவகோட்டை ரஸ்தாவில் செட்டைப் பிரித்து ஏற்றியவர்களுக்கு அது கண்ணெதிரே நடந்தது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒருவர் உண்டு. கோட்டையூர் அழகப்பச் செட்டியார். 1909-ல் பிறந்து 1957-ல் மறைந்தவர். 48 வயதுகூட நிறையாத வாழ்க்கை. 1947-ல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கினார். தேசிய ஆய்வுக்கூடங்கள் எங்கெங்கே அமையும் என்று பெரிய நகரங்கள் எதிர்பார்த்திருந்தபோது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன், மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே வையுங்கள் என்றார். 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அதுதான் சிக்ரி. பொறியியல் கல்லூரி 1952-ல் வந்தது. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம். மற்றவர்கள் புவியியல் காட்டிய பக்கம் பணத்தை அனுப்பினார்கள், இவர் ஒருவர்தான் பணத்தைக் கொண்டு புவியியலை மாற்றப் பார்த்தார். பாதியளவு மாற்றியும் காட்டினார். இன்றைய காரைக்குடி எந்தப் பக்கம் பரவியிருக்கிறது என்று கவனித்தால், பழைய பெரிய வீடுகளைச் சுற்றி அல்ல, கல்லூரிச் சாலையையும் அழகப்பாபுரத்தையும் சுற்றித்தான். விடுதிகள், மெஸ்கள், ஜெராக்ஸ் கடைகள், வாடகை வீடுகள் எல்லாம் மாதா மாதம் செலவழிக்கிற கூட்டத்தை நம்பி வந்தவை. பஞ்சாலை செய்யும் என்று மேலே சொன்னேனே, அந்த வேலையை இங்கே கல்லூரிகள் செய்கின்றன.

மறு பாதி இன்னும் வரவில்லை. சிக்ரியில் அரிப்புத் தடுப்பு, முலாம் பூச்சு, மின்கலம் என்று எழுபது ஆண்டுக்கும் மேலாக ஆராய்கிறார்கள். 2018-ல் லித்தியம் அயான் மின்கலத் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கைமாற்ற ஒப்பந்தம் ஆனது. ஆலைக்கென்று சொல்லப்பட்ட இடம் கிருஷ்ணகிரி மாவட்டம், பெங்களூருக்குப் பக்கம். ஓலா மின்ஸ்கூட்டர் ஆலையும் அதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியில்தான் இருக்கிறது. மோட்டார், ஒயர், உதிரிபாகம், லாரி, விமான நிலையம் எல்லாம் அந்தச் சுற்றுவட்டத்தில் கிடைக்கும்போது ஆலை அங்கே போகும். 1948-ல் ஸ்டுடியோ போன அதே காரணம். காரைக்குடியிலிருந்து கிளம்புகிற சரக்கு மட்டும் மாறியிருக்கிறது. படித்த பிள்ளைகளும் அப்படித்தான். விடியற்காலைப் பல்லவன் எக்ஸ்பிரஸ் கிளம்பும்போது காரைக்குடி ஸ்டேஷனில் நின்று பார்த்தால் தெரியும்: தோளில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக் கொடுத்த டிபன். மதியத்தை ஒட்டி எழும்பூர்.

கடல் கடப்பதும் நிற்கவில்லை. அன்று கப்பலேறியவர்கள் பெரும்பாலும் ஒரே சமூகத்தார், முதலாளியாகவோ ஏஜெண்டாகவோ போனார்கள். இன்று சிங்கப்பூர் கட்டுமானத்துக்கும் வளைகுடாவுக்கும் எல்லாச் சமூகத்து வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள், உடலுழைப்புக்குப் போகிறார்கள். வருகிற பணம் இப்போதும் வீடாகத்தான் ஆகிறது. கிராமத்தில் கான்கிரீட் மாடி, காரைக்குடிப் புறநகரில் ஒரு பிளாட். நூறு வருட இடைவெளியில் இரண்டு தலைமுறைகள் ஒரே முடிவை எடுத்திருக்கின்றன என்றால், அதை மனிதர்களின் குணம் என்று தள்ளிவிட முடியாது. போட்ட பணம் பத்திரமாக இருக்கிற, வேறு போட்டி இல்லாத முதலீடு இந்த மண்ணில் இன்னும் வீடு மட்டும்தான்.

பழைய வீடுகளின் நிலை வேறு. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது, சில இடங்களில் அதற்கும் மேல் புள்ளிகள் (குடும்பங்கள்) பங்கு. ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் அமெரிக்கா. ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்த காவல்காரப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எப்பங்கய்யா ஆளுக வருவாக?"

"கல்யாணம், படைப்புன்னா வீடு கொள்ளாது தம்பி. கார் நிறுத்தத் தெருவுல இடம் இருக்காது. மூணு நாளு. அப்புறம் நாந்தேன் பூட்டிச் சாவியக் கொடுத்துவிடணும்."

"வாடகைக்கு விடலாமே?"

"யாருக்கு விடுறது? இம்புட்டுப் பெரிய வீட்டக் கூட்டவே நாலு ஆளு வேணும். மெட்ராசுல இந்த இடத்துக்குக் கோடிக்கணக்குல வருமாம்ல. இங்க என்ன வரும்?"

நில மதிப்பைப் பற்றிப் பொருளியல் புத்தகம் சொல்வதும் இதேதான். தேக்கும் பளிங்கும் அப்படியே இருக்க, அவற்றுக்குக் கீழே இருக்கிற தரைக்கு விலை இல்லை. ஆகவே தூண்களும் கதவுகளும் தரையை விட்டுக் கிளம்புகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அவை வரிசையாகச் சாத்தி நிற்கும். சென்னைக்கும் பெங்களூருக்கும் ரிசார்ட்டுகளுக்கும் போகும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே பெயர்த்து நட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே அது காப்பாற்றப்பட்டது என்பதில் எனக்கு நன்றி உண்டு. அதற்கு நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பதில் வருத்தமும் உண்டு.

இடம் பெயராமல் நிலைத்த தொழில்களும் இருக்கின்றன, ஏனென்றால் அவை இந்த மண்ணில் வேர் விட்டவை. ஆத்தங்குடிக் கல் அதில் ஒன்று. கண்ணாடிப் பலகையின் மேல் பித்தளை அச்சை வைத்து, அறை அறையாக வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை அசையாமல் தூக்கியதும் பூ நிற்கும். மேலே உள்ளூர் மணலும் சிமெண்டும் தூவி, ஈரச் சாந்தைப் போட்டுத் தட்டிச் சமன் செய்து, காய்ந்ததும் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடியிலிருந்து கல் தானாகவே விட்டுவரும். சூளை இல்லை, மின்சாரம் அவ்வளவாக இல்லை. அந்த மணலும் அந்தக் கையும் இங்கே இருப்பதால் இது இங்கேயே இருக்கிறது, வெளியூருக்கும் போகிறது. புதுவயல் அரிசி ஆலைகள், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை, வீட்டுப் பலகாரத் தொழில், பழைய வீடுகளில் நடக்கும் ஹோட்டல்கள் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். செட்டிநாட்டு ஊர்க் கூட்டத்தை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்திய அரசு சேர்த்தது. ஆனால் ஹோட்டலாக மாறி மீண்ட வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். அதைக் காட்டி எல்லா வீடும் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்வது சரியாக இருக்காது.

2024-ல் காரைக்குடி மாநகராட்சியானது. கோட்டையூரும் கண்டனூரும் அதற்குள் வந்துவிட்டன. பரவி வளர்ந்த ஊர்கள் நிர்வாகத்தில் முதன்முறையாக ஒன்றாகின்றன. சிறு டைடல் (தகவல் தொழில்நுட்பப்) பூங்கா ஒன்றும் அறிவிக்கப்பட்டது. இணையம் வழியாக நடக்கும் வேலைக்கு ஆறும் துறைமுகமும் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலைகூட இதுவரை சென்னையிலும் பெங்களூரிலும்தான் குவிந்தது, ஆட்கள் ஒருவரையொருவர் தேடிப் போவதால். சிக்ரியும் பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரியும் ஒரே சாலையில் இருக்கிற ஊருக்கு அந்த ஈர்ப்பைத் தொடங்கி வைக்கிற வாய்ப்பு மற்றச் சிறு நகரங்களைவிட அதிகம். அதைச் செய்ய முதல் இரண்டு மூன்று நிறுவனங்களை அரசு வலிந்து கொண்டுவர வேண்டும்; துறைமுகத்தைச் சென்னைக்குக் கட்டிக் கொடுத்ததுபோல.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிளாட் போட்டு விற்கிற இடங்களில் ஊருணிகளுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் மூடிக்கொண்டே வருகின்றன. மழை பெய்த மறுநாள் புறநகரில் தெருவில் தண்ணீர் நிற்கிறது, அதே வாரம் பக்கத்து ஊருணி காய்ந்து கிடக்கிறது. காவிரிக் கூட்டுக்குடிநீரை நம்பி ஊருணியை விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். அந்தக் காவிரி நூறு கிலோமீட்டர் குழாயில் வருகிற தண்ணீர். வழியில் இருக்கிற எல்லா ஊருக்கும் அது வேண்டும். புதிய மாநகராட்சி எல்லைக்குள் எத்தனை ஊருணி, ஒவ்வொன்றுக்கும் வரத்து எந்தத் தெரு வழியாக, எந்த மனைப்பிரிவு அதை அடைத்திருக்கிறது என்று வரைபடம் போட்டு, அடுத்த பிளாட்டுக்கு அனுமதி கொடுக்கும் முன் அந்த வரைபடத்தை மேஜையில் விரித்து வைக்க வேண்டும். கட்டடத்தைவிடத் தண்ணீரை முன்னால் யோசித்த தெருக்கள் இதே மாநகராட்சிக்குள் கோட்டையூரில் இருக்கின்றன. பொறியாளர்கள் போய் அளந்து வரலாம்.